கட்சிக்காரரைக் கூண்டில் ஏற்றலாமா? எஃப். லீ பெய்லியின் வழக்குகள், சிவில் கோர்ட்டிலும் ராணுவ கோர்ட்டிலும்

1971 செப்டம்பர் 22. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள ஃபோர்ட் மெக்பெர்சன் ராணுவ முகாம். ஐந்து ராணுவ அதிகாரிகள் தனியறைக்குப் போய் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பேசினார்கள். வெளியே வந்து, கேப்டன் எர்னஸ்ட் மெடினா எந்தக் குற்றச்சாட்டிலும் குற்றவாளி அல்ல என்று தீர்ப்புச் சொன்னார்கள். வியட்நாமின் மை லாய் கிராமத்தில் 1968 மார்ச் 16 அன்று கிழவர்களையும் பெண்களையும் குழந்தைகளையும் சுட்டுக் கொன்ற சார்லி கம்பெனிக்குத் தலைவர் இவர்தான். இறந்தவர்கள் 347 பேர் என்றது அமெரிக்க ராணுவம்; 504 பேர் என்கிறது வியட்நாம். மெடினாவுக்கு வாதாடியவர் எஃப். லீ பெய்லி.

ஐந்து ஆண்டுக்கு முன் ஓஹையோவில் டாக்டர் சாம் ஷெப்பர்டைக் கொலைப் பழியிலிருந்து மீட்டவர் அதே பெய்லி. ஐந்து ஆண்டு கழித்து சான் ஃபிரான்சிஸ்கோவில் பாட்ரீசியா ஹெர்ஸ்டுக்காக வாதாடித் தோற்றவரும் அவரே. மூன்று வழக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், குறுக்கு விசாரணையில் அவர் காட்டிய சாமர்த்தியத்தைவிட வேறொன்று கண்ணில் படுகிறது. கட்சிக்காரரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவதா, வாயைத் திறக்காமல் உட்காரவைப்பதா? ஏற்றினால், கேட்டுக்கொண்டிருப்பவர்கள் யார்? என் பார்வையில் பெய்லி ஜெயித்த பெரிய வழக்குகளும் தோற்ற பெரிய வழக்குகளும் இந்த இடத்தில்தான் திரும்பின.

சட்டம் படிக்கும் முன்பே வக்கீல்

1933ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வால்தமில் பிறந்தவர். ஹார்வர்டில் சேர்ந்து, பாதியிலேயே விட்டுவிட்டு 1952ல் கடற்படைக்குப் போனார். அங்கிருந்து மரீன் படையில் போர் விமானி ஆனார். வட கரோலினாவின் செர்ரி பாயிண்ட் விமானத் தளத்தில் அவருடைய பிரிவுக்குச் சட்ட அதிகாரி தேவைப்பட்டபோது அந்த வேலை இவர் தலையில் விழுந்தது. சட்டப் பட்டம் கிடையாது. அன்றைய ராணுவ நடைமுறையில் சிறிய வழக்குகளை விசாரிக்கும் சிறப்பு கோர்ட் மார்ஷியலில் வாதாடப் பட்டம் தேவையும் இல்லை. அதிகாரியாக இருந்தால் போதும். ஒரு வழக்கில் அரசுத் தரப்பு, அடுத்ததில் எதிர்த்தரப்பு, இடையில் புலனாய்வு என்று இருபது வயதுகளின் தொடக்கத்திலேயே எல்லாப் பக்கமும் நின்று பார்த்துவிட்டார்.

இந்த அனுபவத்தை ஏற்று, இளங்கலைப் பட்டம் இல்லாமலேயே பாஸ்டன் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளி அவரைச் சேர்த்துக்கொண்டது. படிக்கும்போதே துப்பறியும் நிறுவனம் ஒன்று நடத்தினார். 1960ல் வகுப்பில் முதல் ஆளாக வெளியே வந்தார். வெகு சீக்கிரமே ஒரு கொலை வழக்கின் நடுவில், பொய் கண்டறியும் கருவி பற்றிய சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வதற்காக அவரை அழைத்தார்கள். கட்சிக்காரர் விடுதலை ஆனார். அந்தக் கருவி மேல் அவருக்கு இருந்த பிடிப்பு கடைசிவரை போகவில்லை. 1983ல் அதை வைத்து டிவி நிகழ்ச்சியே நடத்தினார். சாட்சிகளைக் கூண்டில் சந்திப்பதற்கு முன்பே அவர்களைப் பற்றி எல்லாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. பெரும்பாலான வக்கீல்கள் போலீஸ் தரும் காகிதங்களை வைத்துக்கொண்டே வழக்கு நடத்திய காலத்தில், அவர் சொந்தமாக ஆட்களை அனுப்பி விசாரித்தார். விமானம் ஓட்டத் தெரிந்தது இதற்கும் உதவியது.

ஷெப்பர்ட்: பேசாமல் இருந்து ஜெயித்த வழக்கு

1954 ஜூலை 4 அதிகாலையில் கிளீவ்லாந்தை அடுத்த பே வில்லேஜில் மர்லின் ஷெப்பர்ட் தன் படுக்கையறையில் அடித்துக் கொல்லப்பட்டார். வீட்டுக்குள் புகுந்த யாரோ ஒருவனோடு போராடியதாகவும், அடிபட்டு மயங்கியதாகவும் கணவர் டாக்டர் சாம் சொன்னார். உள்ளூர் பத்திரிகைகள் அதை நம்பவில்லை. நம்பாமல் இருந்தால்கூடப் பரவாயில்லை. இவரை ஏன் இன்னும் சிறையில் போடவில்லை என்று முதல் பக்கத்திலேயே தலையங்கம் எழுதின. மரண விசாரணை ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்தது. பல நூறு பேர் பார்த்திருக்க, போலீசார் ஷெப்பர்டைச் சோதனை போட்டார்கள். பிறகு வழக்கு நடந்தபோது நீதிபதியும் தலைமை அரசு வக்கீலும் தேர்தலில் போட்டியிட்டுக்கொண்டிருந்தார்கள். தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரியில் இருந்தவர்களின் பெயரும் விலாசமும் பத்திரிகையில் வந்தன. ஷெப்பர்ட் கூண்டில் ஏறித் தன் கதையைச் சொன்னார். ஆயுள் தண்டனை கிடைத்தது.

அவருடைய முதல் வக்கீல் 1961ல் இறந்ததும் பெய்லி உள்ளே வந்தார். வக்கீலாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. கொலை செய்தாரா இல்லையா என்ற சண்டையை முதலில் தொடவே இல்லை. விசாரணை நடந்த விதத்தைக் குறிவைத்து ஃபெடரல் கோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போட்டார். 1964 ஜூலையில் நீதிபதி கார்ல் வைன்மன் அதை ஏற்று, நீதியைக் கேலிக்கூத்தாக்கிய விசாரணை என்று எழுதி ஷெப்பர்டை விடுவித்தார். மேல்முறையீட்டில் அது கவிழ்ந்தது. உச்ச நீதிமன்றம் 1966 ஜூன் 6 அன்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஷெப்பர்ட் பக்கம் நின்றது. கோர்ட் அறைக்குள் பத்திரிகைகள் போடும் ஆட்டத்தைக் கட்டுப்படுத்துவது நீதிபதியின் கடமை என்று நீதிபதி டாம் கிளார்க் எழுதிய அந்தத் தீர்ப்பு இன்றும் சட்ட வகுப்புகளில் பாடம்.

அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் மறுவிசாரணை. இங்கேதான் பெய்லியின் கணக்கு தெரிகிறது. முதல் விசாரணையில் மரண விசாரணை அதிகாரி சாமுவேல் கெர்பர், தலையணையில் இருந்த ரத்தக் கறை ஏதோ ஒரு அறுவை சிகிச்சைக் கருவியின் அச்சு என்று சொல்லியிருந்தார். கணவர் டாக்டர், கருவியும் டாக்டருடையது. ஜூரிக்கு வேறு என்ன வேண்டும்? மறுவிசாரணையில் பெய்லி அதையே பிடித்தார். அப்படி ஒரு கருவியைத் தேடினீர்களா என்று கேட்டார். நாடு முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை என்று கெர்பர் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. பன்னிரண்டு வருஷம் ஒருவரை அழுத்திய சாட்சியம் அந்தப் பதிலோடு முடிந்தது. அடுத்து, பெர்க்லியின் தடயவியல் நிபுணர் பால் கர்க்கை அழைத்து, அறைச் சுவர்களில் தெறித்திருந்த ரத்தத் துளிகளை வைத்துக் கொலையாளி இடதுகைக்காரராக இருக்கலாம், அறையில் மூன்றாவது ஆளின் ரத்தமும் இருந்தது என்று சொல்லவைத்தார்.

ஷெப்பர்டைக் கூண்டில் ஏற்றவில்லை. 1954ல் அவர் சொன்ன கதையில் அரைமயக்கமும் மங்கலான உருவமும்தான் இருந்தன. உண்மையாகவே இருந்தாலும் கேட்க நன்றாக இல்லாத கதை அது. போதாததற்கு மரண விசாரணையில் திருமணத்துக்கு வெளியே இருந்த உறவை மறைக்கப் பார்த்து மாட்டியிருந்தார். அவர் வாய் திறந்தால் வழக்கு மறுபடியும் அவருடைய குணத்தைப் பற்றியதாகிவிடும். நவம்பர் 16 அன்று ஜூரி விடுதலை செய்தது. அதை நிரபராதி என்ற சான்றிதழாக எல்லோரும் ஏற்கவில்லை. ஷெப்பர்ட் 1970ல் இறந்தார். அவர் மகன் தொடுத்த, தவறான சிறைவாசம் குறித்த சிவில் வழக்கு 2000ல் தோற்றது.

பாஸ்டனில் பெண்களைக் குறிவைத்து நடந்த தொடர் கொலைகளைச் செய்ததாகச் சொல்லிக்கொண்ட ஆல்பர்ட் டிசால்வோ வழக்கை இங்கே விரித்துப் பேச வேண்டியதில்லை. வேறு பாலியல் தாக்குதல், கொள்ளைக் குற்றங்களுக்காக 1967ல் விசாரணை நடந்தபோது, பதின்மூன்று கொலைகளையும் மனநல மருத்துவர்கள் வழியாகப் பேசவைத்து, இவ்வளவு செய்தவருக்குப் புத்தி சுவாதீனம் இருக்குமா என்று பெய்லி கேட்டார். ஜூரி கொலைக் கதைகளைக் கேட்டுப் பயந்ததோ என்னவோ, ஆயுள் தண்டனைக்கு வழிவிட்டது. புத்திசாலித்தனம் எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு இந்த வழக்கு நல்ல பாடம்.

மெடினா: ஐந்து பேர், இரண்டு வாக்கு

ராணுவ கோர்ட்டின் அமைப்பைக் கொஞ்சம் சொல்லிவிட்டால்தான் பெய்லி செய்தது புரியும். அமெரிக்க முப்படைகளுக்கும் பொதுவான ராணுவ நீதிச் சட்டம் 1951ல் நடைமுறைக்கு வந்தது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு ராணுவ வக்கீல் இலவசமாகக் கிடைப்பார். சொந்தச் செலவில் வெளி வக்கீலையும் வைத்துக்கொள்ளலாம். வழக்கு பெரிய கோர்ட்டுக்குப் போகும் முன் நடக்கும் பூர்வாங்க விசாரணையில் எதிர்த்தரப்பும் உட்கார்ந்து சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யலாம். சிவில் பக்கத்தில், அதாவது ராணுவம் சாராத சாதாரண கோர்ட்டுகளில், வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்ய ரகசியமாகக் கூடும் பொதுமக்கள் குழுவான கிராண்ட் ஜூரியில் இதற்கு இடமே கிடையாது. சாட்சிகளை முன்கூட்டியே அலசிப் பார்க்க விரும்பும் பெய்லி போன்றவருக்கு இது பெரிய வரம்.

மறுபக்கம், ஜூரியைத் தேர்ந்தெடுப்பவரே வழக்குத் தொடர உத்தரவிட்ட உயர் அதிகாரி. இந்த முறையின் மேல் உள்ள பழைய குறை இதுதான், நியாயமான குறையும்கூட. ஆனால் வாக்குக் கணக்கு வேறு மாதிரி வேலை செய்கிறது. சிவில் கோர்ட்டில் பொதுவாகப் பன்னிரண்டு பேரும் ஒத்துப்போக வேண்டும். ஒருவர் முரண்டு பிடித்தால் விசாரணை முறிந்து, அரசு மறுபடியும் வழக்கு நடத்தலாம். அன்றைய ராணுவ கோர்ட்டில் பெரும்பாலான குற்றங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு போதும். அது கிடைக்காவிட்டால் இழுபறி எல்லாம் இல்லை, நேராக விடுதலைதான். ஐந்து பேரில் மூன்றில் இரண்டு பங்கு என்றால் நான்கு. அதாவது பெய்லிக்குத் தேவைப்பட்டது இரண்டு பேரின் சந்தேகம். இரண்டே பேர்.

மெடினா மீது நூற்றுக்குக் குறையாத கிராமத்தவர்களைக் கொன்றதற்கான பொறுப்பு, வயலில் ஒரு பெண்ணைச் சுட்டது, பிடிபட்ட கைதியைப் பயமுறுத்த அவர் தலைக்கு மேலே துப்பாக்கியால் சுட்டது உள்ளிட்ட குற்றச்சாட்டுகள் இருந்தன. அரசுத் தரப்பில் மேஜர் வில்லியம் எக்ஹார்ட். பெய்லியோடு ராணுவ வக்கீல் கேப்டன் மார்க் கேடிஷ். நீதிபதி கர்னல் கென்னத் ஹோவர்ட். அந்த ஆண்டு மார்ச் மாதத்தில்தான் ஃபோர்ட் பென்னிங்கில் லெப்டினன்ட் வில்லியம் கேலி 22 பேரைக் கொன்றதற்காகத் தண்டிக்கப்பட்டிருந்தார். மெடினாவின் உத்தரவைத்தான் நிறைவேற்றினேன் என்பது கேலியின் வாதம்.

எக்ஹார்ட்டின் வாதம் எளிமையானது. மெடினா கொல்லச் சொன்னாரோ இல்லையோ, காலையில் ஏதோ ஒரு நேரத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்தும் நிறுத்தவில்லை. பெய்லியின் பதிலும் எளிமையானதுதான். மெடினா கிராமத்துக்கு வெளியே ரேடியோவோடு இருந்தார். உள்ளே எதிரியின் 48வது பட்டாலியன் இருக்கிறது, பொதுமக்கள் காலை ஏழு மணிக்கே சந்தைக்குப் போய்விடுவார்கள் என்று மேலிருந்து வந்த தகவலை நம்பினார். பிணங்களைப் பார்த்தபோது காலம் கடந்துவிட்டது.

இந்த முறை கட்சிக்காரரைப் பெய்லி கூண்டில் ஏற்றினார். ஏன் என்று யோசித்தால், எதிரே உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துத்தான் என்று எனக்குப் படுகிறது. ரேடியோவில் பாதி காதில் விழும், பாதி விழாது. முன்னால் போன பிளட்டூன் எங்கே நிற்கிறது என்று தெரியாது. மேலே ஹெலிகாப்டர் ஒன்று சொல்லும், தரையில் வேறொன்று நடக்கும். இதையெல்லாம் பன்னிரண்டு கடைக்காரர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் விளக்கி நம்பவைக்க வாரக்கணக்கில் ஆகும். ஐந்து அதிகாரிகளுக்கு விளக்கவே தேவையில்லை. வயலில் கிடந்த பெண்ணைப் பற்றிக் கேட்டபோது, திரும்பும் நேரத்தில் அவர் கை அசைந்ததைப் பார்த்தேன், கையெறி குண்டு என்று நினைத்துச் சுட்டேன் என்றார் மெடினா. சிவில் ஜூரி இதற்கு என்ன முகம் காட்டியிருக்கும் என்று சொல்ல முடியாது. சீருடை போட்ட ஐந்து பேர் ஏற்றுக்கொண்டார்கள்.

ஆனால் வழக்கு முடிந்தது நீதிபதி ஹோவர்ட் ஜூரிக்குக் கொடுத்த சட்ட விளக்கத்தில். கிராமத்தவர் சாவு குறித்த குற்றச்சாட்டை அவர் உள்நோக்கமில்லாத மரணமாகக் குறைத்தார். தளபதி பொறுப்பாக வேண்டுமானால் அவருக்கு உண்மையாகவே தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தும் தடுக்காமல் விட்டிருக்க வேண்டும். அந்த இடத்தில் இருந்தார் என்பது மட்டும் போதாது என்று சொன்னார். இருபத்தைந்து ஆண்டுக்கு முன் ஜப்பானியத் தளபதி யமஷிதாவை மணிலாவில் விசாரித்துத் தூக்கில் போட்டபோது அமெரிக்கா இவ்வளவு தாராளமாக இல்லை. படைகள் செய்த அட்டூழியங்களைக் கட்டுப்படுத்தத் தவறினார் என்பதே அவர் மேல் குற்றம். தகவல் தொடர்பே துண்டிக்கப்பட்டிருந்தது என்ற அவர் தரப்பு எடுபடவில்லை. 1946ல் உச்ச நீதிமன்றத்தில் மர்ஃபி, ரட்லெட்ஜ் என்ற இரண்டு நீதிபதிகள் மட்டும் எதிர்த்து எழுதினார்கள். நாஜிகள் மீதான நியூரம்பர்க் விசாரணைகளில் அரசுத் தரப்பில் வழக்காடிய டெல்ஃபோர்ட் டெய்லர், அந்த அளவுகோலை வியட்நாமுக்கும் வைத்தால் மேல்மட்டத் தளபதிகள்கூடத் தப்ப முடியாது என்று மெடினா வழக்கு நடந்த ஆண்டிலேயே வெளிப்படையாகச் சொன்னார். தோற்ற நாட்டுத் தளபதிக்கு ஒரு சட்டம், நம் ஊர் கேப்டனுக்கு ஒரு சட்டமா என்ற கேள்விக்கு ஃபோர்ட் மெக்பெர்சனில் பதில் கிடைக்கவில்லை. 1977ல் ஜெனீவா உடன்படிக்கைகளோடு சேர்ந்த முதல் கூடுதல் நெறிமுறை, தெரிந்திருந்தாலோ தெரிந்துகொள்ளப் போதிய தகவல் கையில் இருந்தாலோ மேலதிகாரி பொறுப்பு என்று எழுதிவைத்தது. 1971ல் அந்த வரி அமலில் இருந்திருந்தால் பெய்லி இன்னும் கஷ்டப்பட்டிருப்பார்.

ராணுவத்தை விட்டு விலகிய பிறகு மெடினா, தான் முழு உண்மையையும் சொல்லவில்லை என்று ஒப்புக்கொண்டார். இறந்தவர்கள் எண்ணிக்கையை மேலதிகாரியிடம் குறைத்துச் சொன்னதையும் மறுக்கவில்லை. அதற்குள் விடுதலை கிடைத்தாயிற்று. ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை விசாரிக்க முடியாது. அப்புறம் பெய்லிக்குச் சொந்தமான என்ஸ்ட்ராம் ஹெலிகாப்டர் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சட்டப்படி இதில் தப்பு இல்லை. எனக்கு மட்டும் இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் ஒரு நெருடல்.

ஹெர்ஸ்ட்: அதே உத்தி, வேறு காதுகள்

பத்திரிகை அதிபர் குடும்பத்துப் பெண் பாட்ரீசியா ஹெர்ஸ்ட் 1974 பிப்ரவரி 4 அன்று ஒரு தீவிரவாதக் குழுவால் கடத்தப்பட்டார். பத்து வாரத்தில், ஏப்ரல் 15 அன்று, அதே குழுவோடு துப்பாக்கி ஏந்தி சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு வங்கிக்குள் நின்றதை கேமரா படம் பிடித்தது. 1976ல் விசாரணை. செய்தது அவர்தான் என்பதில் சண்டையே இல்லை. மனதில் என்ன இருந்தது என்பதுதான் கேள்வி. அலமாரிக்குள் அடைத்து, மிரட்டி, பலாத்காரம் செய்து அவர் மனதை உடைத்தார்கள் என்பது பெய்லியின் வாதம். போர்க் கைதிகளின் மனநிலையை ஆராய்ந்த மருத்துவர்களைக் கொண்டுவந்தார். கொரியப் போரில் பிடிபட்டவர்களோடு ஒப்பிட்டுப் பேசவைத்தார். ராணுவ ஜூரியாக இருந்தால் இது எடுபட்டிருக்குமோ என்று தோன்றாமல் இல்லை.

அவரையும் கூண்டில் ஏற்றினார். கைதாகும் முன் அவர் தலைமறைவாக இருந்த ஒரு வருஷத்தைப் பற்றிக் கேள்வி கேட்க நீதிபதி அனுமதிக்க மாட்டார் என்பதே பெய்லியின் நம்பிக்கை. ஆனால் நீதிபதி ஆலிவர் கார்ட்டர் அனுமதித்துவிட்டார். ஜூரி பார்த்துக்கொண்டிருக்க, ஹெர்ஸ்ட் 42 முறை பதில் சொல்ல மறுத்து தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல வேண்டியதில்லை என்ற ஐந்தாவது சட்டத்திருத்த உரிமையைப் பிடித்துக்கொண்டார். குழுவில் ஒருவனை வெறுத்தேன் என்றார். அவன் கொடுத்த சிறிய குரங்குப் பதுமையைக் கைதாகும்போதும் கைப்பையில் வைத்திருந்தாரே என்று அரசுத் தரப்பு எடுத்துக் காட்டியது. சரி, இதற்குப் பிறகு என்ன சொல்லி மீட்பது? பெய்லியின் இறுதி வாதமோ குறுகியதாக, அங்குமிங்கும் அலைவதாக இருந்தது. ஏழு வருஷத் தண்டனை. அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1979ல் அதைக் குறைத்தார். கிளின்டன் 2001ல் மன்னிப்பு கொடுத்தார்.

என் கணிப்பில் தவறு கூண்டில் ஏற்றியதில் இல்லை. மனதைப் பற்றிய வாதத்துக்கு அந்த மனதுக்குச் சொந்தக்காரர் பேசாமல் முடியாது. எவ்வளவு தூரம் கேள்வி கேட்கலாம் என்பதை நீதிபதியிடம் முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளாமல் ஏற்றியதுதான் தவறு. அந்த வழக்கைப் பற்றிப் புத்தகம் எழுத அவர் செய்துகொண்ட ஒப்பந்தமும் பின்னால் கிளம்பியது. வக்கீலின் நலன் கட்சிக்காரரின் நலனோடு மோதியதா என்பதை விசாரிக்க வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றமே 1980ல் சொன்னது.

முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஓ.ஜே. சிம்ப்சன் மீதான கொலை வழக்கு பலருக்கும் தெரிந்த கதை. 1995ல் துப்பறிவாளர் மார்க் ஃபுர்மனைக் குறுக்கு விசாரணை செய்து, பத்து ஆண்டாக அந்த நிறவெறிச் சொல்லைப் பயன்படுத்தவே இல்லை என்று பெய்லி பதிவு செய்யவைத்தார். கோர்ட்டில் அன்று பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பலர் பெய்லி தோற்றார் என்றே எழுதினார்கள். சில மாதத்தில் ஃபுர்மன் அதே சொல்லைப் பேசிய ஒலிநாடாக்கள் வெளியே வந்தன. சாட்சியை ஒரு பொய்யில் நிறுத்திவிட்டுக் காத்திருக்கும் கலை இது. ஃபுர்மனும் பெய்லியைப் போல முன்னாள் மரீன்தான் என்பது வேடிக்கை.

தானே கட்சிக்காரர் ஆனபோது

கிளாட் டூபோக் என்ற போதைப்பொருள் கடத்தல்காரர் 1994ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு சொத்துகளை அரசிடம் கொடுக்கச் சம்மதித்தார். அதில் பயோகெம் ஃபார்மா நிறுவனப் பங்குகள், அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 59 லட்சம் டாலர், பெய்லியின் பெயருக்கு மாறியிருந்தன. பங்கின் விலை மளமளவென்று ஏறியது. கட்டணமாக எனக்கே கொடுத்துவிட்டார் என்றார் பெய்லி. அரசுக்காகக் கையில் வைத்திருக்கத்தான் அவரிடம் கொடுக்கப்பட்டன என்றது அரசு. எழுத்தில் எதுவும் இல்லை. எத்தனையோ பேருக்காகப் பத்திரங்களை வரிக்கு வரி கேள்வி கேட்ட மனிதர், தன் விஷயத்தில் ஒரு காகிதம் எழுதி வைக்கவில்லை.

ஃபுளோரிடா ஃபெடரல் நீதிபதி முன்னால் அவரே சாட்சி சொன்னார். நீதிபதி நம்பவில்லை. பங்குகளை ஒப்படைக்காததால் 1996ல் 44 நாள் சிறையில் இருந்தார். ஃபுளோரிடா உச்ச நீதிமன்றம் 2001ல் அவருடைய வக்கீல் உரிமத்தைப் பறித்தது. கட்சிக்காரரின் பணத்தைக் கையாண்ட விதம், நீதிபதிக்கு எதிர்த்தரப்புக்குத் தெரியாமல் எழுதிய கடிதம், பொய்ச் சாட்சியம் எல்லாம் பட்டியலில் இருந்தன. 2003ல் மாசசூசெட்ஸும் பறித்தது.

எண்பதை நெருங்கும் வயதில் மெய்ன் மாநிலத்தின் வக்கீல் தேர்வை எழுதித் தேர்ச்சி பெற்றார். தனி நீதிபதி ஒருவர் அனுமதிக்கலாம் என்றார். 2014ல் மாநில உச்ச நீதிமன்றம் மறுத்தது. செய்தது எவ்வளவு பெரிய தவறு என்பதை அவர் உணர்ந்ததாகத் தெரியவில்லை என்பது அவர்கள் சொன்ன முக்கியக் காரணம். பங்குகள் தனக்குச் சொந்தமானவை என்ற நிலையிலிருந்து பெய்லி இறங்கவில்லை. யார்மவுத் ஊரில் ஆலோசனை அலுவலகம் ஒன்றை நடத்தினார். 2016ல் திவால் மனு கொடுத்தார். 2021 ஜூன் 3 அன்று, 88வது பிறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்னால், ஜார்ஜியாவில் இறந்தார்.